கைக்கு வராத வீட்டின் நட்டம்

வீடு வாங்கும் ஒப்பந்தத்தில் இரு தரப்பும் கையெழுத்திட்ட பின், மீதிப் பணம் செலுத்தப்பட்டுச் சாவி கைமாறும் முன், அந்த வீடு தீயிலோ வெள்ளத்திலோ அழிந்துபோனால் நட்டம் யாரைச் சாரும் என்ற கேள்விக்கு, ஆங்கிலேயச் சட்ட மரபில் பயின்ற வழக்கறிஞர்கள் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பெரும்பாலும் ஒரே விடையைத்தான் சொல்லி வருகிறார்கள். நட்டம் வாங்குபவருடையது, அவர் முழு விலையையும் கொடுத்தே தீர வேண்டும், கொடுத்த பின் கரியையும் சேற்றையும் பெற்றுக்கொள்ளலாம் என்பதே அந்த விடை. இது கொடுமையாக இருக்கிறதே என்று கேட்பவருக்குச் சொல்லப் பதில்களும் தயாராக உள்ளன. கையெழுத்துப் போட்ட பின் பின்வாங்குவது முறையல்ல என்பார்கள். அன்றைக்கே காப்பீடு எடுத்திருக்கலாமே என்பார்கள். ரத்து செய்யும் உரிமையைக் கொடுத்துவிட்டால், சந்தை விலை இறங்கும்போதெல்லாம் உடைந்த ஓட்டைக் காட்டி வாங்குபவர்கள் நழுவிவிடுவார்கள் என்பார்கள். இவற்றில் எதுவும் நின்று நிலைக்கத்தக்க வாதம் அல்ல. பெருஞ்சேதம் நேர்ந்தால் ஒப்பந்தத்தை ரத்து செய்து முன்பணத்தைத் திரும்பப் பெறும் உரிமை வாங்குபவருக்கு இருக்க வேண்டும். அதுவும் அச்சடித்த ஒப்பந்த வாசகம் ஒன்றால் பறித்துவிட முடியாதபடி, சட்டத்தாலேயே இருக்க வேண்டும்.

பேசப்படும் இடைவெளி எத்தகையது என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். எடுத்துக்காட்டாக, ஆஸ்திரேலியாவில் வீடு வாங்குபவர் ஒப்பந்தத்தின்போது வழக்கமாக விலையில் 10 சதவீதத்தை முன்பணமாகக் கட்டுகிறார்; எஞ்சிய தொகையைக் கட்டி உரிமையையும் சாவியையும் பெறும் நாளைக் கிரய நிறைவு நாள் எனலாம். கையெழுத்துக்கும் கிரய நிறைவுக்கும் நடுவே பல வாரங்கள், சில வேளை மாதங்கள்கூடச் செல்லும். அந்நாட்களில் வீட்டில் குடியிருப்பவர் விற்பவர். அடுப்பைப் பற்ற வைப்பவரும் மின்சூடேற்றியை அணைக்க மறப்பவரும் அவரே. வீடு வாடகைக்கு விடப்பட்டிருந்தால் வாடகை பெறுபவரும் அவரே. வாங்குபவரோ, விற்பவரின் அனுமதி இல்லாமல் வாசற்படியைக்கூட மிதிக்க முடியாதவர். இருந்தும் தற்செயலாக நேரும் சேதத்தின் விளைவைச் சுமக்கும் கடப்பாடு, அதாவது நட்டப் பொறுப்பு, உள்ளே இருப்பவரிடமிருந்து வெளியே நிற்பவருக்கு மாறிவிட்டது என்று மேற்சொன்ன கோட்பாடு கூறுகிறது.

இக்கோட்பாட்டின் வேர் ரோமச் சட்டத்தில் இருக்கிறது. 533ஆம் ஆண்டில் வெளியான ஜஸ்டினியனின் சட்டப் பாடநூல், விற்பனைக்குப் பேசி முடிக்கப்பட்ட கட்டடம் ஒப்படைக்கப்படும் முன் எரிந்துபோனாலும் வாங்கியவர் விலையைக் கொடுக்க வேண்டும் என்று கூறியது. ஆங்கிலச் சட்டத்தில் இதை நிலைநாட்டிய தீர்ப்பு 1801இல் எல்டன் பிரபு வழங்கிய பெய்ன் எதிர் மெல்லர் வழக்கின் தீர்ப்பாகும். லண்டன் ராட்க்ளிஃப் ஹைவேயில் இருந்த சில வீடுகள் ஏலத்தில் போயின. கிரயம் முடியும் முன் அவை எரிந்தன. அவற்றின் மீதிருந்த தீக்காப்பீட்டை விற்பவர் புதுப்பிக்காமல் காலாவதியாக விட்டிருந்தார். வாங்குபவருக்கு அது தெரியாது. விற்பவரின் உரிமைமூலம் சரியானது என்பதை வாங்குபவர் ஏற்றுக்கொண்டிருந்தால், அந்த வீடுகள் சமநீதியின் பார்வையில் அப்போதே அவருடையவை ஆகிவிட்டன. ஆகவே எரிந்ததும் அவருடைய வீடுகளே என்றார் எல்டன். காப்பீடு காலாவதியானது பற்றிய முறையீடு அவரை அசைக்கவில்லை.

சமநீதி என்பது எழுத்துச் சட்டத்தின் கடுமையைத் தணிப்பதற்காக இங்கிலாந்தின் சான்சரி நீதிமன்றம் வளர்த்த நெறிகளின் தொகுதி. செய்யப்பட வேண்டியது செய்யப்பட்டுவிட்டதாகவே கருதப்படும் என்பது அந்நெறிகளுள் ஒன்று. நில விற்பனை ஒப்பந்தத்தை மீறுபவரை, வெறும் இழப்பீட்டோடு விட்டுவிடாமல், ஒப்புக்கொண்டபடியே கிரயம் செய்துகொடுக்குமாறு நீதிமன்றம் கட்டாயப்படுத்த முடியும். தமிழ்நாட்டு நீதிமன்றங்களில் ஏற்றதை ஆற்றும் பரிகாரம் என்று வழங்குவது இதுதான். நாளை கிரயம் செய்துகொடுக்குமாறு ஆணையிடப் போகிறோம், எனவே இன்றே வீடு வாங்குபவருடையது என்று கருதுகிறோம், எனவே இன்றைய தீயும் அவருடையது என்று அந்தத் தருக்கம் படிப்படியாக ஏறுகிறது. படிகளைச் சற்று நின்று பார்த்தால் இது வட்டப் படிக்கட்டு என்பது புலப்படும். வீடு எரிந்த பின்பும் வாங்குபவரை விலை கொடுக்கச் சொல்லி ஆணையிடுவது நியாயமா என்பதல்லவா தீர்க்க வேண்டிய கேள்வி? அந்த ஆணை கிடைக்கும் என்று முன்கூட்டியே வைத்துக்கொண்டு வீட்டை வாங்குபவருடையதாக்கி, வீடு அவருடையது என்பதால் ஆணை கிடைக்கும் என்று முடிப்பது, முடிவையே காரணமாக வைப்பதாகும். கடுமையைத் தணிக்கப் பிறந்த நெறி, எழுத்துச் சட்டத்தின்படி இன்னும் உரிமையாளராகவே இருக்கும் விற்பவரைக் காக்கவும், உரிமை பெறாதவரைத் தண்டிக்கவும் பயன்பட்டதைச் சட்ட வரலாற்றின் கோணல் என்றுதான் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் நீதிமன்றங்கள் இந்தத் தருக்கத்தை ஏற்கவில்லை. கட்டடம் விற்பனையின் முக்கியப் பகுதியாக இருந்து அது அழிந்துபோனால் ஒப்பந்தம் இருவரையும் கட்டுப்படுத்தாது என்றன. ஒப்பந்தச் சட்ட அறிஞர் சாமுவேல் வில்லிஸ்டன் வரைந்து 1935இல் வெளிவந்த சீர்மைச் சட்டம் ஒன்று, உரிமையோ உடைமையோ கைமாறாத நிலையில் வாங்குபவரின் குற்றமின்றிச் சொத்தின் முழுமையோ முக்கியப் பகுதியோ அழிந்தால், விற்பவர் ஒப்பந்தத்தை வலியுறுத்த முடியாது, வாங்குபவர் கொடுத்ததைத் திரும்பப் பெறலாம் என்றது. நியூயார்க்கும் கலிபோர்னியாவும் அதைத் தழுவின. நில விற்பனை அங்கெல்லாம் நின்றுபோய்விடவில்லை.

கோட்பாட்டின் விளைவு எவ்வளவு அபத்தமானது என்பதை லிவர்பூல் வழக்கு ஒன்று காட்டிக்கொடுத்தது. 1878இல் பிரெஸ்டன் தரப்பினர் தங்கள் கட்டடங்களை ரெய்னர் தரப்பினருக்கு 3,100 பவுண்டுக்கு விற்க ஒப்பந்தம் செய்தனர். கிரயம் முடியும் முன் தீப்பிடித்தது. விற்றவர்களிடம் காப்பீடு இருந்ததால் அவர்களுக்கு 330 பவுண்டு கிடைத்தது. அதோடு முழு விலையும் கிடைத்தது. காப்பீட்டுத் தொகையையாவது எங்களுக்குத் தாருங்கள் என்று வாங்கியவர்கள் தொடுத்த வழக்கில், 1881இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பால் மறுத்தது: காப்பீடு விற்றவருக்கும் நிறுவனத்துக்கும் இடையிலான தனி ஒப்பந்தம், அதில் வாங்கியவருக்கு இடமில்லை. நீதியரசர் ஜேம்ஸ் மட்டும் உடன்படவில்லை. வீடு வாங்குபவருடையது, விற்பவர் அதை அவருக்காக வைத்திருக்கும் நம்பிக்கைப் பொறுப்பாளர் என்று சொல்லிவிட்டால், அந்த வீட்டால் வந்த காப்பீட்டுப் பணமும் வாங்குபவருக்கே போக வேண்டும் என்பது அவர் நிலை. கோட்பாட்டை நேர்மையாகப் பின்தொடர்ந்தவர் அவர் ஒருவரே. கதை அத்தோடும் முடியவில்லை. காப்பீட்டு நிறுவனம் விற்றவர்கள் மீது வழக்குத் தொடுத்து, முழு விலையும் பெற்றுக்கொண்ட உங்களுக்கு நட்டமே இல்லையே என்று வாதிட்டு, 1883இல் அந்த 330 பவுண்டைத் திரும்பப் பெற்றது. தீ விபத்தை ஏற்றுக்கொள்வதற்கென்றே பணம் வாங்கியிருந்த ஒரே தரப்பு ஒரு காசும் இழக்கவில்லை. அந்தத் தீயைப் பற்றி யாரிடமும் எந்த உறுதியும் கொடுத்திராத, வீட்டுக்குள் இன்னும் காலடி வைத்திராத தரப்பு முழு நட்டத்தையும் சுமந்தது.

இக்கோட்பாடு கப்பலேறி இந்தியாவுக்கும் வந்தது. 1877ஆம் ஆண்டின் குறித்த பரிகாரச் சட்டத்தின் 13ஆம் பிரிவுக்குத் தரப்பட்ட விளக்க எடுத்துக்காட்டு ஒன்று, ஒரு லட்ச ரூபாய்க்கு விற்க ஒப்புக்கொள்ளப்பட்ட வீடு மறுநாளே புயலில் அழிந்தாலும் வாங்க ஒப்புக்கொண்டவரை விலை கொடுக்குமாறு கட்டாயப்படுத்தலாம் என்றது. லண்டனில் தீயாக இருந்தது வங்கக் கடலோரத்துக்கு ஏற்பப் புயலாக மாறியதைத் தவிர அதில் இந்திய மண்ணுக்குரியது எதுவும் இல்லை. ஐந்தே ஆண்டுகளில், 1882இல் வந்த சொத்துரிமை மாற்றுச் சட்டம் வேறு வழியில் சென்றது. கிரய ஒப்பந்தம் தன்னளவில் சொத்தின் மீது எந்த உரிமையையும் உண்டாக்காது என்று அதன் 54ஆம் பிரிவு தெளிவாகச் சொன்னது. சொத்தின் உரிமை வாங்குபவருக்கு மாறிய பின்னரே அழிவையும் சேதத்தையும் அவர் சுமக்க வேண்டும் என்று 55ஆம் பிரிவு கூறியது. ஒப்பந்தத்துக்கும் ஒப்படைப்புக்கும் இடையில், விவேகமுள்ள ஓர் உரிமையாளர் காட்டும் அக்கறையோடு சொத்தைப் பேண வேண்டிய கடமையை அதே பிரிவு விற்பவர் மீது வைத்தது. ஒரே அரசின் இரு சட்டங்களில், ஒன்று புயலடித்த வீட்டுக்கு விலை கேட்டது. மற்றொன்று பத்திரம் பதிவாகும் வரை வீடு விற்பவருடையதே என்றது. 1963இல் பழைய குறித்த பரிகாரச் சட்டத்தை நீக்கிப் புதியது இயற்றப்பட்டபோது அந்தப் புயல் எடுத்துக்காட்டு அதில் இடம்பெறவில்லை. இங்கிலாந்தில் இன்றும் விதியாக நிற்பதை இந்தியச் சட்டநூல் அறுபது ஆண்டுகளுக்கு முன்பே கழற்றி வைத்துவிட்டது என்பதை, அந்த விதி இயற்கை நியதி போலப் பேசுபவர்கள் கவனிப்பதில்லை.

வட்டப் படிக்கட்டைக் காட்டியதும், கோட்பாட்டை விடுங்கள், நடைமுறையைப் பாருங்கள் என்று எதிர்த்தரப்பு காப்பீட்டுக்குத் தாவும். வாங்குபவர் கையெழுத்திட்ட அன்றே காப்பீடு எடுக்கலாம். எடுக்காதது அவர் தவறு. இந்த வாதத்தில் ஒளிந்திருப்பது என்னவென்றால், ஒரே கூரைக்கு ஒரே காலத்தில் இரண்டு குடும்பங்கள் காப்பீட்டுக் கட்டணம் கட்ட வேண்டும் என்பதே. விற்பவரிடம் காப்பீடு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. கடன் இருந்தால் வங்கி அதைக் கட்டாயமாகவே எடுக்க வைத்திருக்கும். வீட்டின் வயது, மின்கம்பிகளின் நிலை, கூரையின் ஒழுக்கு எல்லாம் அவருக்குத்தான் தெரியும். வாங்குபவர் இவை எதையும் சரிபார்க்க முடியாத நிலையில், தன் பெயரில் இல்லாத, தான் காவல் காக்க முடியாத கட்டடத்துக்குக் காப்பீடு தேட வேண்டும். புயலோ காட்டுத்தீயோ நெருங்கும் நாட்களில் அப்பகுதிக்குப் புதிய காப்பீடு தருவதை நிறுவனங்கள் நிறுத்தி வைப்பதும் ஆஸ்திரேலியாவில் வழக்கம். தேவை அதிகமாகும் நேரத்தில்தான் கதவு மூடப்படுகிறது. அந்நாட்டின் 1984ஆம் ஆண்டு காப்பீட்டு ஒப்பந்தச் சட்டம், நட்டப் பொறுப்பு வாங்குபவருக்கு மாறிய காலத்தில் விற்பவரின் காப்பீட்டில் அவரும் காப்பீடு பெற்றவராகக் கருதப்படுவார் என்று ஏற்பாடு செய்திருப்பது உண்மையே. ஆனால் விற்பவர் காப்பீடே எடுக்காமல் இருந்தால், குறைந்த தொகைக்கு எடுத்திருந்தால், வெள்ளத்தை விலக்கிய காப்பீடாக அது இருந்தால், அந்த ஏற்பாடு வெறும் காகிதம். வெள்ளச் சமவெளிகளில் கட்டணம் எட்டாத உயரத்துக்குப் போய்விட்டதால் வெள்ளக் காப்பீடு இல்லாத வீடுகள் எத்தனை என்பதை நியூ சவுத் வேல்ஸின் லிஸ்மோர் நகரம் 2022 பெப்ரவரி 28 அன்று கண்டது. அன்று ஆறு 14.4 மீட்டர் வரை உயர்ந்து, முந்தைய உச்சத்தை 2 மீட்டருக்கும் மேலாகத் தாண்டியது.

அதே வெள்ளம் எல்லைக்கு அப்பால் குயின்ஸ்லாந்திலும் பாய்ந்தது. பிரிஸ்பேனில் ஆறு 3.85 மீட்டரைத் தொட்டது. ஒரே வாரம், ஒரே மழை. ஆனால் எல்லைக்கு இப்பக்கமும் அப்பக்கமும் சட்டம் வேறு. குயின்ஸ்லாந்தில் அப்போது வழக்கில் இருந்த நிலைப்படிவ ஒப்பந்தம், ஒப்பந்த நாளுக்கு அடுத்த வேலைநாள் மாலை 5 மணி முதல் சொத்து வாங்குபவரின் பொறுப்பில் என்றது. அதற்கு எதிராக வாங்குபவரிடம் இருந்த கேடயம் 1974ஆம் ஆண்டு சொத்துச் சட்டத்தின் 64ஆம் பிரிவு: குடியிருக்கத் தகுதியற்றதாகும் அளவுக்கு வீடு அழிந்தாலோ சேதமுற்றாலோ, கிரய நிறைவுக்கோ உடைமை பெறுவதற்கோ முன் எழுத்து மூலம் அறிவித்து ரத்து செய்யலாம் என்றது அது. விக்டோரியாவின் 1962ஆம் ஆண்டு நில விற்பனைச் சட்டமும் இதே அளவுகோலை வைத்து, சேதத்தை அறிந்த 14 நாட்களுக்குள் ரத்து செய்யும் உரிமையைத் தருகிறது.

குடியிருக்கத் தகுதியற்றது என்ற அளவுகோல் கேட்பதற்குத் தெளிவானது. சேற்றில் நின்று பார்த்தால் அப்படி இல்லை. தூண்கள் மேல் நிற்கும் மரவீடு ஒன்றில் தண்ணீர் தரைப்பலகைக்கு மேல் ஒரு முழம் ஏறி இறங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். சுவரின் ஜிப்சம் பலகை கீழ்ப்பாதியில் ஊறிப் பிதுங்கி நிற்கிறது. பலகைக்குப் பின்னால் இருக்கும் மரச்சட்டங்கள் உலர எவ்வளவு காலம் பிடிக்கும் என்பது திறந்து பார்த்தால்தான் தெரியும். தாழ இருந்த மின் இணைப்புகளில் சேறு. சமையலறை அலமாரிகளின் அடிப்பலகை உப்பிக் கதவுகள் மூடவில்லை. மாடியறை மட்டும் பழுதில்லாமல் இருக்கிறது. இது குடியிருக்கத் தகுதியற்றதா? விற்பவரின் வழக்கறிஞர் மாடியறையைக் காட்டுவார். வாங்குபவரின் வழக்கறிஞர் மின்பலகையைக் காட்டுவார். கூரையில் மரம் விழுந்து வண்டிக்கொட்டகை நசுங்கிப் பின்சுவர் விரிசல் கண்ட வீடோ, ஐயத்துக்கே இடமின்றிக் குடியிருக்கத் தக்கது; அதை வாங்குபவருக்கு அந்தப் பிரிவால் எந்தப் பயனும் இல்லை. ரத்து செய்யும் உரிமை வரம்பில்லாமல் விரிகிறது என்று அஞ்சுபவர்கள், அது எவ்வளவு குறுகலான வாசல் என்பதை ஒருமுறை நுழைந்து பார்க்க வேண்டும்.

நியூ சவுத் வேல்ஸ் 1986இல் இந்தக் குறுகல் வழியைத் தேர்ந்தெடுக்காமல் அடிப்படையையே திருப்பி வைத்தது. 1919ஆம் ஆண்டு சொத்துரிமை மாற்றுச் சட்டத்தில் புகுத்தப்பட்ட பிரிவுகளின்படி, கிரயம் நிறைவேறும் வரை, அல்லது வாங்குபவர் உடைமை பெறும் வரை, நட்டப் பொறுப்பு விற்பவரிடமே தங்கும். சேதம் சிறிதென்றால் அதற்கேற்ப விலை குறையும். வாங்க ஒப்புக்கொண்டதிலிருந்து சொத்து அடிப்படையில் வேறொன்றாகிவிடும் அளவுக்குச் சேதம் பெரிதென்றால், அதை அறிந்த 28 நாட்களுக்குள் வாங்குபவர் ரத்து செய்யலாம். கட்டடத்தில் படுக்க முடியுமா என்று மட்டும் பார்க்காமல், ஒப்புக்கொண்ட பொருள் கொடுக்கப்படுகிறதா என்று கேட்பதால் இந்த அளவுகோலே நேரானது.

விலையைக் குறைத்தாலே போதுமே, ரத்து எதற்கு என்பவர்களுக்கு விடை வங்கியின் கோப்பில் இருக்கிறது. வாங்குபவரின் கடன், குறிப்பிட்ட கட்டடம் நிற்கும் குறிப்பிட்ட மனையின் மதிப்பீட்டை வைத்து ஒப்புக்கொள்ளப்பட்டது. கட்டடம் போனால் ஈடும் போயிற்று. மறுமதிப்பீடு கேட்டுக் கடனை நிறுத்திவைக்க வங்கிக்கு முழு உரிமை உண்டு. நட்டப் பொறுப்பு வாங்குபவர் மேல் இருக்கும் இடத்தில், ரத்து செய்யும் உரிமையும் இல்லாவிட்டால், அவருக்கு அடுத்து நடப்பவை வரிசையாக வருகின்றன: குறித்த நாளில் பணம் கட்ட முடியாது, 10 சதவீத முன்பணம் பறிமுதலாகும், விற்பவர் மனையை வேறொருவருக்குக் குறைந்த விலைக்கு விற்று, அந்தக் குறைவையும் இவரிடமிருந்து வழக்காடி வாங்க முயல்வார். வீடும் இல்லை, சேமிப்பும் இல்லை, கடன் மட்டும் உண்டு என்ற நிலைக்கு, எந்த ஒப்பந்த மீறலும் செய்ய நினைக்காத ஒரு குடும்பம் தள்ளப்படுகிறது. விலைக்குறைப்பு பழுதுபார்க்கக்கூடிய வீட்டுக்குப் பொருந்தும். பள்ளி திறக்கும் முன் குடிபுக நினைத்தவரைக் கட்டட ஒப்பந்தக்காரராக மாற்றுவதற்கு அது நியாயம் ஆகாது.

ஒப்பந்தச் சட்டத்தின் பொது விதிகளே இத்தகையவரைக் காப்பாற்றும், தனி உரிமை தேவையில்லை என்று சொல்பவர்களும் உண்டு. எதிர்பாராத நிகழ்வால் ஒப்பந்தத்தின் அடிப்படையே தகர்ந்தால் அது செயலற்றுப்போகும் என்ற விதியை அவர்கள் கருதுகிறார்கள். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 56ஆம் பிரிவு அதற்கு இணையானது. நில விற்பனையில் அந்த விதி எவ்வளவு அரிதாகக் கைகொடுக்கிறது என்பதற்கு 1970களின் லண்டன் வழக்கு ஒன்று போதும். மறுகட்டுமானத்துக்காக 17,10,000 பவுண்டுக்கு வாங்க ஒப்பந்தம் செய்யப்பட்ட கட்டடம், அடுத்த சில நாட்களிலேயே பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டு, மதிப்பு 2,00,000 பவுண்டாகச் சரிந்தது. ஒப்பந்தம் தகரவில்லை, முழு விலையையும் கொடு என்றது நீதிமன்றம். இந்திய உச்ச நீதிமன்றமும் 1953இல் சத்தியவிரத கோஷ் வழக்கில், செயலற்றுப்போவதற்கான விதியை விரிவாக விளக்கிவிட்டு, அந்த மனை விற்பனை ஒப்பந்தம் மட்டும் தகரவில்லை என்றே முடித்தது. பொது விதி விற்பனையாளரின் பக்கம் சாய்ந்தே நிற்கும்போது அதை நம்பி இருங்கள் என்பது அறிவுரை ஆகாது.

சந்தைச் சரிவைச் சாக்காக வைத்து நழுவுவார்கள் என்ற அச்சம் இவ்விவாதத்தில் அடிக்கடி கேட்கப்படுகிறது. சந்தையை வைத்து ஆதாயம் தேடும் ஆசை வாங்குபவருக்கு மட்டும் உரியது என்பதுபோல் இந்த வாதம் அமைவது வேடிக்கை. விலை ஏறும் சந்தையில், சேதமடைந்த வீட்டை ரத்து செய்துவிட்டால் நல்லது என்று விரும்புபவர் விற்பவரே. ஆசையைத் தடுப்பது அளவுகோலின் வேலை. ஓட்டின் உடைப்போ வேலியின் சாய்வோ எந்த மாநிலத்தின் அளவுகோலையும் எட்டாது; தன் கவனக்குறைவால் சேதத்தை வருவித்த வாங்குபவருக்கு நியூ சவுத் வேல்ஸ் சட்டம் அந்த உரிமையைத் தருவதும் இல்லை. எரிந்த வீட்டை வேண்டாம் என்று சொல்பவரின் மனதுக்குள் சந்தை நிலவரமும் இருந்ததா என்று தேடுவது வீண் வேலை. வீடு எரிந்தது உண்மை. ஒப்புக்கொண்டது கிடைக்கவில்லை என்பதும் உண்மை.

மனைதானே பெரும் மதிப்பு, கட்டடம் போனால் என்ன என்ற வாதத்தில் மட்டும் ஓரளவு உண்மை உண்டு. சிட்னியின் பழைய புறநகர்களில் இடிப்பதற்காகவே வாங்கப்படும் வீடுகள் பல. அவை எரிந்தால் இடிக்கும் செலவு மிச்சம் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் ரத்து என்பது வாங்குபவரின் விருப்ப உரிமை. மனைக்காக வாங்குபவர் தொடர்ந்து வாங்கிக்கொள்ளலாம். இடிக்கப் போகிறவர் எரிந்த வீட்டைக் காட்டி விலகப் பார்த்தால், அவருக்கு அடிப்படையில் எதுவும் மாறவில்லை என்று நீதிமன்றம் கண்டுகொள்ளும். விலக்கான இந்த ஒரு வகையை எடுத்துக்காட்டி, குடியேற வாங்கும் எல்லோருக்கும் விதி எழுதுவது தலைகீழ்.

விற்பவரின் கஷ்டமும் மறுக்கத்தக்கதல்ல. அவர் இந்தப் பணத்தை நம்பி வேறொரு வீட்டுக்கு முன்பணம் கொடுத்திருப்பார்; இங்கே ரத்தானால் அங்கே அவர் மாட்டிக்கொள்வார். அந்தச் சங்கிலியின் வலியை யார் தாங்குவது என்பதே கேள்வி. ரத்துக்குப் பின் விற்பவரிடம் மிஞ்சுவது மனை, காப்பீட்டுப் பணம், மீண்டும் விற்கும் உரிமை. அதாவது ஒப்பந்தமே நடக்காமல் வீடு எரிந்திருந்தால் எந்த நிலையில் இருந்திருப்பாரோ அந்த நிலை. ரத்து மறுக்கப்பட்டால் வாங்குபவர் அடையும் நிலையோ, ஒப்பந்தம் நடக்காமல் இருந்திருந்தால் ஒருபோதும் நேர்ந்திராதது. காப்பீடு எடுக்காமல் விட்டதால் விற்பவர் நட்டப்படுகிறார் என்றால், தன் வீட்டுக்குக் காப்பீடு எடுக்காத உரிமையாளர் நட்டப்படுவதில் புதுமை எதுவும் இல்லை.

இங்கிலாந்தில் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டத்தின்படி, கடையில் பணம் கட்டி வாங்கிய குளிர்பதனப் பெட்டி வாடிக்கையாளரின் கையில் சேரும் வரை அது உடைந்தால் நட்டம் கடைக்காரருடையது. வாழ்நாள் சேமிப்பைக் கொட்டி வாங்கும் வீட்டுக்கு மட்டும் அந்தப் பாதுகாப்பு இல்லை. இல்லாமல் போன விதம் கவனிக்கத்தக்கது. 1925ஆம் ஆண்டு சொத்துச் சட்டத்தின் 47ஆம் பிரிவு, விற்பவரின் காப்பீட்டுப் பணம் வாங்குபவருக்குச் சேர வழி செய்ய முயன்றது. ஆனால் ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால் என்ற நிபந்தனையோடு. நிலைப்படிவ ஒப்பந்தங்கள் அவ்விதமே வேறுவிதமாகச் சொல்லி, அந்தப் பிரிவை ஒரே வரியில் விலக்கிவிட்டன. 1980களின் இறுதியில் இங்கிலாந்தின் சட்ட ஆணையம் நட்டப் பொறுப்பு விதியைத் திரும்ப எடுத்து ஆராய்ந்தது. 1990இல் அது அளித்த முடிவு, சட்டம் தேவையில்லை என்பது. ஏனெனில் அவ்வாண்டு வெளியான புதிய நிலைப்படிவம், நட்டப் பொறுப்பை விற்பவரிடமே நிறுத்தி, வீடு பயன்படாமல் போனால் ரத்து செய்யும் உரிமையை வாங்குபவருக்கு வழங்கியிருந்தது. தொழில்முறையாளர்கள் தாங்களே திருத்திக்கொண்டதால் பாராளுமன்றம் தலையிட வேண்டியதில்லை என்று கருதப்பட்டது. 2011இல் அதே நிலைப்படிவத்தின் ஐந்தாம் பதிப்பு, ஒப்பந்த நாளிலிருந்தே நட்டப் பொறுப்பு வாங்குபவருடையது என்று பழையபடி மாற்றிக்கொண்டது. சட்டம் வேண்டாம் என்பதற்குச் சொல்லப்பட்ட காரணம் அன்றோடு இல்லாமல் போயிற்று. 1990இல் தள்ளிவைத்த அந்தச் சட்டத்தைப் பாராளுமன்றம் இன்னும் இயற்றவில்லை.